பகல் நீண்ட ஊரில் பூக்காத சோளம்

விதை நடந்த வழி – 23

மெக்சிகோவின் தாழ்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக விளைந்த மக்காச்சோளத்தில் ஒரு கைப்பிடி எடுத்து, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மே மாதம் விதைத்துப் பார்க்கலாம். மண் கரிசலாக இருக்கும், ஈரத்துக்குக் குறைவிருக்காது. விதை நன்றாகவே முளைக்கும். ஜூலையில் ஆளுயரத்தைத் தாண்டும். ஆகஸ்டில் பக்கத்து வயலின் உள்ளூர் ரகம் பால் பிடித்து மணி கட்டிக்கொண்டிருக்கும்போது, நம் மெக்சிகோக்காரர் தட்டையும் தோகையுமாக இன்னும் மேலே போய்க்கொண்டிருப்பார். பூக்கும் யோசனையே இருக்காது. ஒருவழியாக உச்சியில் ஆண்பூ எட்டிப் பார்க்கும் நேரத்தில் இலையுதிர்காலம் வந்துவிடும். பின்னாலேயே உறைபனி. மாட்டுக்குத் தீவனம் மிஞ்சும், மனிதனுக்கு ஒரு மணிகூட மிஞ்சாது.

சென்ற வாரம், மக்காச்சோளத்தின் மூதாதையான தியோசிந்தே புல்லை மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விட்டுவிட்டு வந்தோம். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே பயிராகிய ஒரு செடி, இன்று கனடா முதல் சிலி வரை விளைகிறது. அப்படியானால் மேலே சொன்ன தடையை அது எப்படித் தாண்டியது? இந்த வாரக் கதை அதுதான். தாண்டியவர்கள் உழவர்கள். எப்படித் தாண்டினார்கள் என்பதை விஞ்ஞானிகள் கண்டுபிடிக்க 1931இலிருந்து 2013 வரை ஆயிற்று.

நாம் பட்டம் என்று சொல்வதைச் செடியும் தன் வழியில் கணக்கு வைத்திருக்கிறது. இதை முதலில் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும். வாஷிங்டன் நகரை ஒட்டிய ஆர்லிங்டன் பண்ணையில் அவர்களிடம் ஒரு புகையிலை ரகம் இருந்தது. கோடையில் அது பூக்காமல் வளர்ந்துகொண்டே போகும். குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்தால் சின்னச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். உரம், வெப்பம், ஈரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து அலுத்த பிறகு, தொட்டிகளை மாலைக்கு முன்பே இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிப் பகலைக் குறைத்தார்கள். புகையிலை பூத்தது. 1920இல் அதை வெளியிட்டார்கள். 1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் எமர்சன் இதே உத்தியைத் தியோசிந்தேயிடம் காட்டினார். நியூயார்க் மாநிலத்துக் கோடையில் அடம்பிடித்த அந்த மெக்சிகோப் புல்லும் பகல் குறைந்ததும் பூவெடுத்தது.

வெப்பமண்டல மக்காச்சோளத்துக்கு எல்லைக்கோடு ஏறத்தாழ 13 மணி நேரப் பகல். பகல் அதற்கு மேல் நீண்டால் பூப்பதைத் தள்ளிப்போடும். அயோவாவில் ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணியை எட்டுவதில்லை. அதனால்தான் நம் உழவர்களுக்கு இப்படியொரு சிக்கல் இருப்பதே தெரியாது. பெரம்பலூரில் மக்காச்சோளத்தை மிரட்டுவது மழையும் படைப்புழுவும்தான், சூரியன் இல்லை.

வடக்கே நடந்த மக்காச்சோளத்தின் கதைக்கு வருவோம். இன்றைய அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்துக்கு அது சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அங்கிருந்து வடக்கே, யூட்டா மாநிலத்தின் மேட்டுநிலம் வரைபடத்தில் ஒரு விரற்கடை. அந்த விரற்கடையைக் கடக்க 2,000 ஆண்டுகள் பிடித்தன. யூட்டாவில் டர்க்கி பென் என்றொரு பாறை ஒதுங்கிடம் இருக்கிறது. அங்கே கிடைத்த 1,900 ஆண்டு வயதுள்ள 15 சக்கைகளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, கெல்லி ஸ்வார்ட்ஸ் குழுவினர் 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நட்டுப் பார்க்க விதை இல்லை, வெறும் சக்கைதான். ஆனாலும் இன்றைய ரகங்களில் டி.என்.ஏ.வின் எந்தெந்தக் குறிப்பான், அதாவது அடையாளம், எத்தனை நாள் பூப்புடன் சேர்ந்து வருகிறது என்பது தெரியும். அதை வைத்துக்கொண்டு அந்தப் பழஞ்செடிகள் எப்போது பூத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். குட்டையான, பக்கக் கிளை விட்ட, சீக்கிரம் பூக்கிற செடிகள் அவை என்று விடை வந்தது. குளிர்நாட்டுக்கான தகுதி அப்போதே பெருமளவு வந்துவிட்டிருந்தது.

அந்த 2,000 ஆண்டுகளில் நடந்ததைக் கற்பனை செய்வது கடினமில்லை. பனி விழும் முன்பே முற்றிய கதிர் எதுவோ அதுதான் அடுத்த ஆண்டு விதை. மற்றவை அழுகிப் போயின. ஒரு பெண் கூடையில் எடுத்து வைத்த நாலு கதிர், அவள் மகள் எடுத்து வைத்த நாலு கதிர் என்று போய், கடைசியில் கனடாவின் கஸ்பே தீபகற்பத்தில் ஒரு சோளம் உருவாயிற்று. குள்ளச் செடி, விரல் நீளக் கதிர், உலகிலேயே மிகச் சீக்கிரம் பூக்கும் மக்காச்சோளங்களில் ஒன்று. பின்னாளில் ஆய்வுக்கூடங்கள் அதைத் தேடிப் போனதற்குக் காரணமே அந்த அவசரம்தான்.

ஐரோப்பாவுக்கும் இதே பாடம். 1493இல் கொலம்பஸ் கொண்டுவந்த கரீபியன் சோளம் ஸ்பெயினின் தெற்கில் பிழைத்தது. ஆனால் ஜெர்மானியத் தாவரவியலார் ஃபுக்ஸ் 1542இலேயே தம் மூலிகை நூலில் மக்காச்சோளத்தைப் படத்தோடு சேர்த்துவிட்டார். அவ்வளவு வடக்கே அதற்குள் எப்படிப் போயிற்று? ஐரோப்பாவின் பழைய ரகங்களை மரபணுக் குறிப்பான்களால் ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. வட ஐரோப்பிய ரகங்களின் சொந்தக்காரர்கள் கரீபியனில் இல்லை, வட அமெரிக்கப் பழங்குடிகள் வளர்த்த கடினமணிச் சோளத்தில் இருந்தார்கள். அது தனிக் கப்பலில், தனி வழியில் வந்த விதை. (ஃபுக்ஸ் அதைத் துருக்கித் தானியம் என்று எழுதினார். நம் மொழியில் அது மக்காவைச் சேர்த்துக்கொண்டு நிற்கிறது. சொந்த ஊர்ப் பெயர் மட்டும் பாவம் அதற்கு வாய்க்கவில்லை.)

1846இல் ராபர்ட் ரீட் என்ற உழவர் ஒஹையோவிலிருந்து இலினாய்க்குக் குடிபெயர்ந்தார். கூடவே எடுத்துவந்த தென்பகுதிச் சோளம் சரியாக முற்றவில்லை. மறு ஆண்டு அந்த விதை பல இடங்களில் முளைக்காமல் போக, வெற்றிடத்தில் உள்ளூர்க் கடினமணிச் சோளத்தை ஊன்றினார். இரண்டும் காற்றில் கலந்தன. அந்தத் தற்செயல் கலப்பைத் தந்தையும் மகனும் ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. அமெரிக்கச் சோள மண்டலத்தின் ரகங்களில் பெரும்பங்கு இந்த வகைக் கலப்பிலிருந்து வந்தவை. சந்து நடவு செய்ததில் பிறந்த வம்சம் என்றும் சொல்லலாம்.

வம்சம் பெரிதாயிற்று, அதன் வேர் மட்டும் குறுகியது. 1970இல் தென்பகுதி இலைக்கருகல் நோய் அமெரிக்கா முழுவதும் பரவியது. அந்த ஆண்டு விதைக்கப்பட்ட வீரிய ஒட்டு விதையில் ஏறத்தாழ 85 சதவீதத்தில் ஒரே வகை ஆண்மலட்டுச் சைட்டோபிளாசம் (ஆண்பூவில் மகரந்தம் உருவாகாமல் செய்யும் செல்சாறு) இருந்தது. ஆண்பூவைக் கையால் ஒடிக்கும் கூலியை மிச்சப்படுத்த விதை நிறுவனங்கள் பிடித்த குறுக்கு வழி அது. நோய்க்கு அந்தச் சைட்டோபிளாசம் மிகவும் பிடித்துப்போயிற்று. நாட்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போனது. அப்போதுதான் பலரும் தெற்கே திரும்பிப் பார்த்தார்கள். மெக்சிகோவிலும் ஆண்டிஸ் மலையிலும் கரீபியனிலும் நூற்றுக்கணக்கான சோள இனங்கள். அமெரிக்க வயல்களில் வெப்பமண்டல ரத்தம் 1 சதவீதம்கூட இல்லை. எடுத்துக்கொள்ளத் தடையாக நின்றது நாம் தொடக்கத்தில் பார்த்த அதே பூக்காத தட்டை.

இந்த இடத்தில் கதை ஒரு நுண்ணோக்கிக்குத் திரும்ப வேண்டும். கார்னெலில் எமர்சனைச் சுற்றி இயங்கிய இளைஞர் கூட்டத்தில் பார்பரா மெக்ளின்டாக் இருந்தார். மக்காச்சோளத்தின் பத்து ஜோடிக் குரோமோசோம்களையும் கண்ணால் அடையாளம் கண்டு எண் கொடுத்தவர். ஒன்பதாம் குரோமோசோமின் ஒரு நுனியில், சில செடிகளில் மட்டும், சாயம் ஏறிய குமிழ் ஒன்று தெரிவதைக் கவனித்தார். அதே குரோமோசோமின் மறுபுறம் எட்டாம் குரோமோசோமின் துண்டு ஒட்டிக்கொண்ட செடியும் அவரிடம் இருந்தது. ஆக, இரு முனையிலும் அடையாளம் போட்ட ஒரு குரோமோசோம். நடுவில் இரண்டு குணங்கள்: மணிக்கு நிறம் தருவது ஒன்று, மணியின் மாவை மெழுகுத்தன்மை உள்ளதாக்குவது ஒன்று.

இதை எடுத்து ஹாரியட் கிரைட்டன் என்ற ஆய்வு மாணவியிடம் கொடுத்தார். கேள்வி எளிமையானது. சந்ததியில் குணங்கள் இடம் மாறிக் கலக்கும்போது, குரோமோசோமின் துண்டுகளும் நிஜமாகவே இடம் மாறுகின்றனவா? மாறத்தான் வேண்டும் என்று எல்லோரும் நம்பினார்கள். கண்ணால் கண்டவர் எவருமில்லை. கிரைட்டனும் மெக்ளின்டாக்கும் மணியின் குணம் மாறிய செடிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, குமிழும் ஒட்டுத்துண்டும் பிரிந்து போயிருந்தன. இன்னொரு பருவத்து அறுவடையையும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தவர்களை, அப்போது கார்னெலுக்கு வந்திருந்த தாமஸ் ஹன்ட் மார்கன் உடனே எழுதச் சொல்லி உந்தினார். 1931 ஆகஸ்டில் கட்டுரை வந்தது. ஜெர்மனியில் கர்ட் ஸ்டெர்ன் இதையே பழ ஈயில் செய்துகொண்டிருந்தார். அவருடையது சற்றுப் பிந்தியது.

என்னைக் கேட்டால், மரபணுக் குறிப்பான் என்று இன்று நாம் சொல்லும் கருவியின் முழுத் தர்க்கமும் அந்தக் குமிழுக்குள்ளேயே இருக்கிறது. குமிழ் மணிக்கு நிறம் கொடுப்பதில்லை. நிறம் கொடுக்கும் மரபணுவின் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் பார்வைக்குத் தெரிகிறார், உரிய ஆள் தெரியவில்லை. இருவரும் பெரும்பாலும் சேர்ந்தே பயணம் செய்வதால் ஒருவரைப் பார்த்து இன்னொருவர் வந்திருக்கிறார் என்று ஊகிக்கிறோம். வீடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உறுதி ஊகத்துக்கு.

குமிழ் போலக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் மிகச் சில. 1980களில் வட கரோலினாவில் சார்லஸ் ஸ்டூபரும் மேஜர் குட்மனும் என்சைம்களின் வேறுபாட்டை அடையாளமாகக் கொண்டார்கள். 1986இல் டிம் ஹெலன்ட்ஜாரிஸ் குழு டி.என்.ஏ. துண்டுகளின் நீள வேறுபாட்டைக் கொண்டு மக்காச்சோளத்துக்கு வரைபடம் போட்டது. பிறகு குறிப்பான்கள் ஆயிரக்கணக்காகப் பெருகின. விரலளவு நாற்றிலிருந்து நகக்கண் அளவு இலைத்துண்டு கிள்ளினால் போதும். செடி பூக்கும் முன்பே அதன் ஜாதகம் கைக்கு வந்துவிடும். இந்தத் துறையினர் குறிப்பானைச் சுருக்கமாக மார்க்கர் என்பார்கள்.

கருவி வந்த பிறகும் பழைய வழி ஓய்ந்துவிடவில்லை. அயோவாவில் ஆர்னல் ஹலாயர் டூசோன் என்ற கரீபியன் சோளத்தை எடுத்து, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் நட்டு, முதலில் பூத்தவற்றின் விதையை மட்டும் சேர்த்துவந்தார். பத்துத் தலைமுறையில் அந்தச் சோளம் அயோவாவுக்குப் பழகிவிட்டது. அன்று யூட்டாவில் கூடையோடு நடந்த பெண் செய்ததும் இதுதான். அவளுக்கு 2,000 ஆண்டு ஆனது, இவருக்குப் பத்து.

உள்ளே என்ன மாறுகிறது என்ற கேள்விக்கு எட்வர்ட் பக்லர், ஜேம்ஸ் ஹாலண்ட், மைக்கேல் மெக்மல்லன் ஆகியோரின் குழு பெரும் படையோடு இறங்கியது. உலகின் பல மூலைகளிலிருந்து, தலைமுறைதோறும் குணம் மாறாத 25 தூய வரிசைகள். ஒவ்வொன்றையும் அயோவாவின் பி73 என்ற வரிசையோடு கலந்தார்கள். கலப்புக்கு 200 வீதம் 5,000 குடும்பங்கள், எட்டுச் சூழல்கள், ஏறத்தாழ பத்து லட்சம் செடிகள். 2009இல் வந்த முடிவு பலருக்கு ஏமாற்றம் தந்திருக்கும். பூக்கும் நாளை ஒரே அடியில் மாற்றும் பெரிய மரபணு ஒன்றும் அங்கே இல்லை. அரை நாள், ஒரு நாள் என்று தள்ளும் சிறு மரபணுக்கள் பல கூடித்தான் தேர் இழுக்கின்றன.

ஆனால் கேள்வியைச் சற்று மாற்றி, நீண்ட பகலுக்கு யார் பயப்படுகிறார்கள் என்று கேட்டால், பத்தாம் குரோமோசோமில் ஓர் இடம் கையை உயர்த்தியது. சி.சி.டி. வகை மரபணு ஒன்று. தியோசிந்தேயிலும் வெப்பமண்டலச் சோளத்திலும் பகல் நீண்டால் அது உரக்கப் பேசும், பூக்காதே என்று. குளிர்நாட்டுச் சோளத்தில் அதன் குரல் தணிந்திருக்கிறது. ஏன்? 2013இல் சீன விஞ்ஞானிகளின் ஆய்வு காரணத்தைக் காட்டியது. அந்த மரபணுவை இயக்கும் பகுதிக்குள் சுமார் 5,000 எழுத்து நீளமுள்ள அந்நியத் துண்டு ஒன்று எங்கிருந்தோ வந்து செருகிக்கொண்டு, வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது.

அந்தத் துண்டு ஒரு தாவும் மரபணு. குரோமோசோமில் ஓரிடத்திலிருந்து பெயர்ந்து இன்னோரிடத்தில் உட்காரும் இந்த வகைத் துண்டுகள் இருக்கின்றன என்று, 1940களில் சோளமணியின் புள்ளிகளைப் பார்த்துச் சொன்னவர் யார் தெரியுமா? அதே மெக்ளின்டாக். 1951இல் அவர் அதை அறிஞர் அவையில் விளக்கியபோது பெரும்பாலோர் புரியாமல் விழித்தார்கள். 1983இல், 81 வயதில், நோபல் பரிசு வந்தது. 2009இல் பி73இன் முழு மரபணுத்தொகை படிக்கப்பட்டபோது அதில் ஏறத்தாழ 85 சதவீதம் இப்படிப்பட்ட துண்டுகளே என்று தெரிந்தது. அவற்றில் ஒன்று, எங்கோ ஒரு வெப்பமண்டல வயலில், ஒரே ஒரு செடியில் தவறிப்போய் உட்கார்ந்தது. அந்த ஊரில் அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அந்த விதை வடக்கே போனபோதுதான் அதற்கு விலை வந்தது. குமிழைப் பார்த்துத் தொடங்கியவரின் கண்டுபிடிப்பே பத்தாம் குரோமோசோமில் விடையாகக் காத்திருந்தது என்பதை இந்தத் தொடர் எழுதத் தொடங்கியதிலிருந்து சொல்லக் காத்திருந்தேன்.

இன்று வெப்பமண்டலச் சோளத்தின் நோய் எதிர்ப்பையோ வறட்சி தாங்கும் குணத்தையோ வடக்கே கொண்டுபோக விரும்புகிறவர், முதல் வேலையாக நாற்றின் இலையில் அந்தத் துண்டு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். இல்லாததைக் களைந்துவிட்டு மீதியை நட்டால் போதும்.

இதன் மறுபக்கம் நம் நாட்டில் நடந்தது. ஓர் ஊருக்குப் பழகிய ரகத்தை, அதன் பழக்கம் கெடாமல், ஒரே ஒரு குணத்தில் மட்டும் மாற்ற வேண்டும். உத்தராகண்ட் மலையில் அல்மோராவிலுள்ள விவேகானந்தா ஆராய்ச்சி நிலையத்திடம் விவேக் 9 என்ற ஒட்டு ரகம் இருந்தது. மலையின் குறுகிய பருவத்துக்குள் முற்றிவிடும். ஆனால் எல்லா மக்காச்சோளத்தையும் போல அதன் புரதத்தில் லைசினும் டிரிப்டோஃபேனும் குறைவு. ஒபேக்-2 என்ற மரபணு மாற்றம் இந்தக் குறையைப் போக்கும் என்பது அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1964இல் தெரியவந்தது. ஆனால் மணி சுண்ணாம்புபோல் மென்மையாகி வண்டுக்கு இரையாயிற்று. மெக்சிகோவிலுள்ள பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையத்தில் சுரிந்தர் வாசலும் எவாஞ்செலினா வியேகாஸும் ஆண்டுக்கணக்கில் உழைத்து மணியைக் கடினமாக்கினார்கள். 2000இல் இருவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தச் சோளத்தை அப்படியே அல்மோராவில் விதைத்தால் பருவம் போதாது. விவேக் 9இன் பெற்றோர்களுக்குள் அந்த ஒரு மரபணுவை மட்டும் நுழைத்தாக வேண்டும்.

பழைய முறையில் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கலந்த பிறகு மீண்டும் மீண்டும் பழைய பெற்றோருடனேயே சேர்க்க வேண்டும்; இதுதான் பிற்கலப்பு. ஒவ்வொரு முறையும் அந்நியப் பங்கு பாதியாகும், ஆறேழு முறையில்தான் கரையும். அதைவிடத் தொல்லை, ஒபேக்-2 ஒளிந்து நிற்கும் குணம். இரு பிரதியும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். அதனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் நடுவில் ஒரு பருவம் தன்மகரந்தச் சேர்க்கைக்குச் செலவாகும். நல்ல வேளையாக அந்த மரபணுவுக்கு உள்ளேயே மார்க்கர்கள் கிடைத்திருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் என்ன, உரிய ஆளையே நேராகப் பார்க்கலாம். ஒரு பிரதி இருக்கும் நாற்றையும் இலையிலேயே பிடித்துவிடலாம். மற்றக் குரோமோசோம்களில் பழைய பெற்றோரின் சாயல் அதிகமுள்ள நாற்றைத் தேர்ந்துகொண்டே போனால் பிற்கலப்பு இரண்டு முறை போதும். பழைய முறையில் ஆகும் காலத்தில் பாதிக்கும் குறைவாகவே முடித்தார்கள். விவேக் கியூ.பி.எம். 9 என்ற பெயரில் 2008இல் அது வெளிவந்தது.

டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இன்னும் ஒரு படி போயிற்று. ஊருக்கொன்றாகப் பழகிய ஒட்டு ரகங்களின் பெற்றோரை எடுத்து இதே வேலையைச் செய்தது. 2017இல் வெளியானவற்றில் பூசா எச்.எம். 4 மேம்பட்ட ரகம் வடமேற்குச் சமவெளிக்கு, எச்.எம். 9 வடகிழக்குச் சமவெளிக்கு, எச்.எம். 8 மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாடு ஆகிய தீபகற்ப மாநிலங்களுக்கு. கூடவே வந்த பூசா விவேக் கியூ.பி.எம். 9 மேம்பட்ட ரகத்தில் வைட்டமின் ஏ-க்கு மூலமான நிறமியைக் கூட்டும் இன்னொரு மரபணுவும் சேர்ந்தது. வழக்கமான மக்காச்சோளத்தில் பத்து லட்சத்தில் 1 முதல் 2 பங்கு இருக்கும் அந்தப் பொருள் இதில் 8 பங்குக்கு மேல். மணி ஆரஞ்சு நிறம். மலைக்கும் தீபகற்பத்துக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் நாமக்கல் பக்கத்துக் கோழித்தீவன ஆலை எடையையும் ஈரப்பதத்தையும் பார்த்து விலை போடுமே தவிர, மணிக்குள் இருக்கும் லைசினுக்குத் தனியாகக் காசு தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மார்க்கர் தேர்ந்து கொடுத்த விதைக்கும் வயல் தேர்வு உண்டு. மக்காச்சோளத்துக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் 1957இல் தொடங்கியது; நாட்டின் முதல் ஒருங்கிணைந்த பயிர்த் திட்டம் அதுதான். மண்டலம் மண்டலமாக, ஆண்டுக்கணக்கில், புது ரகத்தைப் பழைய ரகத்தின் பக்கத்தில் நட்டுப் பார்ப்பார்கள். நம் மாநிலத்தில் கோவையிலும், திண்டுக்கல் மாவட்டம் வாகரையிலும் மக்காச்சோளச் சோதனை வயல்கள் இருக்கின்றன. அந்த வயல்களின் குறிப்பேட்டில் விளைச்சலுக்கு முன்பாகவே நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று உண்டு: விதைத்த எத்தனையாவது நாளில் பாதிச் செடிகள் பூத்தன.

(தொடரும்)